விழுங்கப்படாத மாத்திரை: ஹைதராபாத், சென்னை, இம்பால்

1

2017 செப்டம்பரில், ஐக்கிய நாடுகள் பொதுச்சபைக் கூட்டத்தையொட்டி நியூயார்க்கில் ஒரு விலை ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்னும் மூன்று எச்.ஐ.வி. எதிர்ப்பு மருந்துகளை ஒன்றாக அடக்கிய மாத்திரையை, வருமானம் குறைந்த நாடுகளுக்கு ஓர் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 75 டாலர் விலையில் தர இரண்டு நிறுவனங்கள் உடன்பட்டன. ஒன்று, ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரபிந்தோ ஃபார்மா. மற்றொன்று, அமெரிக்கப் பெயர் தாங்கிய மைலான். எனினும் அதன் இந்தியக் கிளை ஹைதராபாத்தின் மேட்ரிக்ஸ் லேபரட்டரீஸை வாங்கியதன் வழியே வேரூன்றியது.

இந்த விலை திடீரென வந்ததன்று. 1961இல் தொடங்கப்பட்ட ஐ.டி.பி.எல். என்னும் பொதுத்துறை நிறுவனம், சோவியத் உதவியோடு ஹைதராபாத்தில் செயற்கை மருந்து ஆலையை நிறுவியது. அங்கே பயின்ற வேதியியலாளர்களும் பொறியாளர்களும் பின்னாளில் அந்நகரின் தனியார் மருந்துத் தொழிலுக்கு அடித்தளமானார்கள். 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராமல், செய்முறைக்கு மட்டுமே தந்தது. வேறொரு செய்முறையால் அதே மருந்தைச் செய்யும் உரிமை 2005 வரை நீடித்தது. 1986இல் அரபிந்தோவும் 1993இல் ஹெட்டெரோவும் இச்சூழலில் பிறந்தவை. 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம், மேலை நாடுகளில் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல் விற்ற கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தர முன்வந்தது. 2003 அக்டோபரில் கிளின்டன் அறக்கட்டளை செய்துகொண்ட உடன்பாட்டில் விலை 140 டாலருக்குக் கீழிறங்கியது. அதில் மேட்ரிக்ஸும் ஒரு தரப்பு.

விலையின் வரலாறு இவ்வாறு வெற்றியின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. அது பொய்யன்று, ஆனால் பாதி வரலாறு. மாத்திரை ஆலையை விட்டுப் புறப்பட்ட பின் யார் கைக்குச் சேர்ந்தது, யார் கைக்குச் சேரவில்லை, சேராததற்கு என்ன காரணம் சொல்லப்பட்டது என்பது மறுபாதி. எச்.ஐ.வி. தொற்றோடு போதைப்பொருள் பழக்கமும் உள்ளவர்களின் வரலாறு அந்த மறுபாதியில்தான் இருக்கிறது. ஹைதராபாத்தை உள்ளடக்கிய அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் தொற்று பெரும்பாலும் பாலுறவு வழியே பரவியது. ஆகவே ஹைதராபாத்தின் மாத்திரையைப் பின்தொடர்பவர், போதை ஊசி வழியே தொற்று பரவிய இம்பாலுக்கும் சென்னைக்கும் செல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன், இந்த வரலாறு முழுவதையும் ஆட்டிப்படைத்த ஓர் ஐயத்தின் பிறப்பிடத்தையும் பார்த்தாக வேண்டும்.

2

“நோயாளியை நம்பி மருந்தைக் கொடுத்தனுப்பினால் அவர் விழுங்குவாரா?” இந்தக் கேள்வியை முறையான ஆராய்ச்சிப் பொருளாக்கிய இடங்களில் சென்னை முதன்மையானது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை இங்கே நிறுவின. மையத்தின் முதல் பெரும் ஆய்வு எளிமையானது. நெரிசலான குடியிருப்புகளில், போதிய உணவின்றி வாழ்ந்த ஏழைக் காசநோயாளிகளில் ஒரு பகுதியினர் வீட்டிலிருந்தபடியும், மற்றொரு பகுதியினர் சானடோரியத்தில் தங்கியும் ஓராண்டு அதே மருந்துகளை உட்கொண்டனர். 1959இல் வெளியான முடிவு மருத்துவ உலகை வியக்க வைத்தது. நல்ல உணவும் ஓய்வும் பெற்ற சானடோரிய நோயாளிகளுக்கு ஏறத்தாழ இணையாக வீட்டு நோயாளிகளும் குணமடைந்தார்கள். குணத்தைத் தந்தது மருந்து. மலைக்காற்றும் படுக்கையும் அதற்கு இன்றியமையாதவை அல்ல.

ஆனால் அதே மையம் மற்றொன்றையும் கண்டது. முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணியும் சிறுநீரைச் சோதித்தும் பார்த்தபோது, கொடுத்தனுப்பிய மருந்தெல்லாம் விழுங்கப்படுவதில்லை என்பது தெரிந்தது. மையத்தில் பணியாற்றிய வாலஸ் ஃபாக்ஸ் 1958இலேயே, நோயாளி தானே மருந்து உட்கொள்வதிலுள்ள சிக்கலை ஆராய்ந்து எழுதினார். அதற்கு மையம் கண்ட தீர்வு குறிப்பிடத்தக்கது. யார் ஒழுங்கானவர், யார் ஒழுங்கற்றவர் எனப் பிரித்து, ஒழுங்கற்றவரை விலக்கவில்லை. தினசரி மருந்தை வாரம் இருமுறை மருந்தாக மாற்றி, பணியாளர் முன்னிலையில் கொடுத்துப் பார்த்தது. அதாவது, ஆளை மாற்ற முயலாமல் முறையை மாற்றியது. பின்னாளில் உலகெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு இது ஒரு முன்னோடி.

சென்னை கற்றுத் தந்த இந்தப் பாடம் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் எச்.ஐ.வி. மருத்துவத்தில் பாதியளவே நினைவுகூரப்பட்டது. ஐயம் மட்டும் நினைவிலிருந்தது, தீர்வு மறக்கப்பட்டது.

3

1996இல் மூன்று மருந்துகளைச் சேர்த்துத் தரும் கூட்டுச் சிகிச்சை பயனுக்கு வந்தபோது, எச்.ஐ.வி. மரண தண்டனை என்னும் நிலை மாறியது. கூடவே ஓர் அச்சமும் வந்தது: மருந்தைத் தவறவிட்டால் வைரஸ் மருந்தெதிர்ப்பு பெற்றுவிடும். 2000இல் பேட்டர்சன் குழுவினர் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு இந்த அச்சத்துக்கு ஓர் எண்ணைத் தந்தது. மின்னணு மூடி பொருத்திய மருந்துக் குப்பிகளால் 81 நோயாளிகளை அவர்கள் பின்தொடர்ந்தார்கள். 95 விழுக்காடு அல்லது அதற்கு மேல் வேளை தவறாதவர்களில் 22 விழுக்காட்டினருக்கு மட்டுமே சிகிச்சை தோற்றது. 80 விழுக்காட்டுக்கும் கீழே போனவர்களில் 80 விழுக்காட்டினருக்குத் தோற்றது. அன்றைய புரோட்டியேஸ் தடுப்பு மருந்துகளை வைத்துப் பெறப்பட்ட இந்த ‘95’, மெல்ல மெல்ல எல்லா மருந்துக்கும் எல்லா மனிதருக்குமான கோடாகிவிட்டது.

அந்தக் கோட்டைத் தாண்ட முடியாதவர்கள் எனச் சிலர் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டார்கள். மேற்கில் போதைப்பொருள் பயன்படுத்துவோருக்கு மருந்தைத் தள்ளிப்போடுவதும் மறுப்பதும் வழக்கமாயின. 2001இல் அமெரிக்க வெளிநாட்டு உதவி முகமையின் தலைவர், ஆப்பிரிக்கர்களுக்குக் கடிகார நேரம் தெரியாது, ஆகவே வேளை தவறாமல் மருந்து உட்கொள்ள இயலாது என்னும் பொருள்படப் பேசிக் கடும் கண்டனத்துக்கு உள்ளானார். 2006இல் மில்ஸ் குழுவினர் இரு கண்டங்களின் ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்தபோது நிலைமை தலைகீழாக இருந்தது. போதிய அளவு வேளை தவறாதவர்கள் ஆப்பிரிக்காவில் 77 விழுக்காடு, வட அமெரிக்காவில் 55 விழுக்காடு.

ஆப்பிரிக்கர் மீதான ஐயம் எண்களின் முன் கலைந்தது. போதைப்பொருள் பயன்படுத்துவோர் மீதான ஐயம் அவ்வளவு எளிதில் கலையவில்லை. சீனா, மலேசியா, ரஷ்யா, உக்ரைன், வியட்நாம் ஆகிய ஐந்து நாடுகளின் 2008ஆம் ஆண்டுக் கணக்கு இதற்குச் சான்று. அங்கே அதுவரை பதிவான எச்.ஐ.வி. தொற்றுகளில் 67 விழுக்காடு போதை ஊசி பயன்படுத்துவோருடையது; ஆனால் மருந்து பெற்றவர்களில் அவர்களின் பங்கு 25 விழுக்காடே.

4

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் அவருடைய மாணவி நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டு அது உறுதியானது. மூன்றாண்டுகளுக்குப் பின் வடகிழக்கில் வேறொரு வடிவில் அது வெடித்தது. தங்க முக்கோணத்திலிருந்து மோரே எல்லை வழியே மணிப்பூருக்குள் வந்த ஹெராயினை அங்கே ‘நம்பர் ஃபோர்’ என்றார்கள். 1989 செப்டம்பர் வரை சோதிக்கப்பட்ட போதை ஊசி பயன்படுத்துவோரிடையே தொற்று காணப்படவில்லை. ஓராண்டுக்குள் அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குத் தொற்று. ஊசியைப் பகிர்ந்துகொண்டதே காரணம். முதல் எதிர்வினை காவல்துறையையும் சிறையையும் நாடியது. எனினும் 1996இல் மணிப்பூர் அறிவித்த மாநில எய்ட்ஸ் கொள்கை, தண்டனைக்குப் பதிலாகத் தீங்குக் குறைப்பை ஏற்றுக்கொண்டது. நாட்டின் பிற பகுதிகளுக்கு வெகு முன்பே எடுக்கப்பட்ட முடிவு அது.

சென்னையின் கதை அமைதியானது. 1980களில் பிரவுன் சுகரைப் புகைத்தவர்களில் பலர் அடுத்த பத்தாண்டில் ஊசிக்கு மாறினார்கள். ஊசியில் ஏறியது பெரும்பாலும் மருந்துக்கடையில் கிடைத்த புப்ரெனார்ஃபின் என்னும் வலிநிவாரணி. அதனோடு தூக்க மருந்தும் ஒவ்வாமை மருந்தும் கலக்கப்பட்டன. சுனிதி சாலமன் 1993இல் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் 2005-06இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட போதை ஊசி பயன்படுத்துவோரைத் தொடர் ஆய்வில் சேர்த்தபோது, அவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தது.

வரலாற்றின் முரண் இங்கே கவனத்துக்குரியது. சென்னையில் தொற்றைப் பரப்பிய ஊசியில் இருந்த அதே புப்ரெனார்ஃபின், நாவின் அடியில் கரையும் மாத்திரை வடிவில் தில்லியில் 1990களின் முற்பகுதியிலேயே ஷரன் என்னும் தொண்டு நிறுவனத்தால் சிகிச்சையாகத் தரப்பட்டது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தனது மூன்றாம் கட்டத்தில், 2007க்குப் பின், அதை ஏற்றது. ஒரே வேதிப்பொருள் ஊசியில் நோயைப் பரப்பியது, நாவடியில் நோயைத் தடுத்தது. வேறுபாடு பொருளில் இல்லை; அது கொடுக்கப்பட்ட ஏற்பாட்டில் இருந்தது.

5

2004 ஏப்ரல் 1 அன்று, தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேசம், மணிப்பூர் உள்ளிட்ட ஆறு மாநிலங்களிலும் தில்லியிலும் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாகத் தரப்பட்டது. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை அவற்றில் ஒன்று. 1928இல் காசநோய் சானடோரியமாகத் தொடங்கிய இடம் அது. சானடோரியம் கட்டாயமில்லை எனச் சென்னை ஆய்வு நிறுவிய பிறகும் அது மறையாமல் நின்று, நாட்டின் மிகப் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை இடங்களில் ஒன்றானது.

விலை என்னும் தடை அன்றோடு நீங்கியது. மற்றத் தடைகள் அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தன. புப்ரெனார்ஃபின் தரும் மையம் ஓரிடத்தில், கூட்டு மருந்து தரும் மையம் வேறிடத்தில், காசநோய் மருந்து மூன்றாம் இடத்தில். மையத்தில் புப்ரெனார்ஃபின் மாத்திரையைப் பொடித்து நாவடியில் இடுவார்கள். அது கரையும்வரை பணியாளர் முன் அமர்ந்திருக்க வேண்டும். நாள்தோறும் வர வேண்டும். காலையில் அந்த வரிசையில் நிற்பவர், அதே காலையில் பெரிய மருத்துவமனையின் புறநோயாளி வரிசையிலும் நிற்க இயலாது. கூட்டு மருந்தைத் தொடங்குமுன் முகவரிச் சான்றையும் உடன்வரும் உறவினரையும் கேட்பது பல இடங்களில் வழக்கமாயிருந்தது. நடைபாதையில் உறங்குபவருக்கு முதலாவது இல்லை. வீட்டார் கைவிட்டவருக்கு இரண்டாவதும் இல்லை.

உடலுக்குள்ளும் ஒரு தடை இருந்தது. இந்தியாவின் முதல்நிலைச் சிகிச்சையில் இடம்பெற்ற நெவிரபினும் எஃபாவிரென்ஸும் கல்லீரல் நொதிகளைத் தூண்டி, மெத்தடோன் போன்ற மாற்று மருந்துகளை விரைவில் சிதைப்பவை. காசநோய்க்கான ரிஃபாம்பிசினோ மெத்தடோன், புப்ரெனார்ஃபின் இரண்டின் அளவையும் இரத்தத்தில் குறைத்துவிடும். விளைவு, போதை இறங்கும்போது உண்டாகும் உடல்வேதனை. நோயாளியின் பார்வையில் கணக்கு எளிது: புது மாத்திரையை விழுங்கினால் உடம்பு முறுக்குகிறது, விட்டால் சரியாகிறது. மாற்று மருந்தின் அளவைக் கூட்டினால் தீரக்கூடிய சிக்கல் இது. இரு மையங்களின் மருத்துவர்களும் ஒருவரோடொருவர் பேசாத இடத்தில், அது நோயாளியின் ‘ஒழுங்கீனம்’ எனப் பதிவேட்டில் ஏறியது.

6

இத்தடைகளில் எதை நீக்கினால் என்ன நிகழும் என்பதைச் சில ஆய்வுகள் அளந்திருக்கின்றன. அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

அமெரிக்காவின் நியூ ஹேவனில், ஊசி மாற்றித் தரும் நடமாடும் வண்டியிலேயே பணியாளர் முன்னிலையில் கூட்டு மருந்து தரப்பட்டது. ஆறு மாத முடிவில் அவ்வாறு பெற்றவர்களில் 70.5 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை பலித்தது. மருந்தைத் தாமே கொண்டுசென்றவர்களில் 54.7 விழுக்காடு. ஆனால் கண்காணிப்பை நிறுத்திய ஆறு மாதத்தில் இந்த வேறுபாடு மறைந்தது.

சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், எச்.ஐ.வி. உள்ள 120 போதைப்பொருள் பயன்படுத்துவோர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு, சிகிச்சை மையத்துக்கு வரும்போது உணவுப் பொருளுக்கும் வீட்டுப் பொருளுக்கும் மாற்றிக்கொள்ளத்தக்க பற்றுச்சீட்டு கிடைத்தது. அவர்களில் 45 விழுக்காட்டினர் அரசின் கூட்டு மருந்து மையத்தை அடைந்தார்கள். மற்றப் பிரிவில் 27 விழுக்காடு. மாதாந்திர வருகைகளும் இருமடங்குக்கு மேலாயின. ஆனால் வைரஸ் அளவு கட்டுக்குள் வருவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. மருந்து இலவசமாகி ஆண்டுகள் கடந்த அதே நகரில், ஊக்கத்தொகை இருந்தும் பாதிக்கு மேற்பட்டோர் வாசலை மிதிக்கவில்லை என்பதையும் இந்த எண்கள் சொல்கின்றன.

இந்தியாவின் 22 நகரங்களில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு, சோதனை, தடுப்பு, சிகிச்சை இணைப்பு ஆகியவற்றை ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்தது. எச்.ஐ.வி. சோதனை செய்துகொண்டவர்கள் தெளிவாகக் கூடினார்கள். வைரஸ் கட்டுப்பாட்டில் தெளிவான முன்னேற்றம் இல்லை. இதற்கு மாறாக, இந்தோனேசியா, உக்ரைன், வியட்நாம் ஆகிய நாடுகளில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டுநர் அமர்த்தப்பட்டார். மருத்துவமனைக்கு உடன் செல்வது, சீட்டுப் பெற்றுத் தருவது, மாற்று மருந்துச் சிகிச்சையில் சேர்ப்பது ஆகியவை அவர் வேலை. உளவியல் ஆலோசனையும் உண்டு. ஓராண்டு முடிவில் மருந்து உட்கொண்டவர்கள் 72 விழுக்காடு, வழக்கமான சேவை பெற்றவர்களில் 43. வைரஸ் கட்டுப்பாடு 41க்கு 24. இறப்பு 7க்கு 15.

நான்கையும் சேர்த்துப் படித்தால் ஒரு சித்திரம் கிடைக்கிறது. பரிசு வாசல்வரை அழைத்துவரும். ஒரே கூரை சோதனைவரை கொண்டுசெல்லும். கண்காணிப்பு, அது நீடிக்கும்வரை பலன் தரும். உடன் நடக்கும் ஆள் இருந்தால் உயிர் மிஞ்சும். எந்த ஆய்விலும் மருந்தைத் தொடர்ந்தவரும் விட்டவரும் வேறு வேறு இன மனிதர்களாக இருக்கவில்லை. ஒரே வகை மனிதர்களைச் சீட்டுக் குலுக்கல்போல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் ஏற்பாட்டை மாற்றினார்கள், முடிவும் மாறியது. மருந்துத் தொடர்ச்சி என்பதை மனிதரின் குணமாகக் கருதுவோர் விடை சொல்ல வேண்டிய சான்று இது.

7

கடந்த பத்தாண்டில் மூன்று மாற்றங்கள் நிகழ்ந்தன. முதலாவது சட்டத்தில். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் பயன்படுத்துவதையே குற்றமாக்கியது. சிகிச்சைக்கு முன்வருவோருக்கு அதன் 64அ பிரிவு ஓரளவு விலக்குத் தந்தது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், தூய ஊசி தருவது போன்ற தீங்குக் குறைப்புப் பணிகளைக் குற்றமாகக் கருதலாகாது என்றது. இரு சட்டங்களும் இன்று அருகருகே வாழ்கின்றன. மையத்தின் வாசலில் நிற்கும் காவலருக்கு இவற்றில் எது தெரியும் என்பதே நடைமுறையில் தீர்மானிக்கிறது.

இரண்டாவது 2020இல். பொதுமுடக்கத்தில் வரிசைகள் கூட இயலாமற்போனபோது, கூட்டு மருந்தைப் பல மாதங்களுக்குச் சேர்த்துத் தரவும் புப்ரெனார்ஃபினைச் சில நாட்களுக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்பவும் அனுமதி வந்தது. அதுவரை நம்பிக்கையின்மையால் மறுக்கப்பட்டதை நெருக்கடி ஒரே வாரத்தில் வழங்கச் செய்தது.

மூன்றாவது மாத்திரையிலேயே. டோலுடெக்ராவிருக்கு எதிராக வைரஸ் எளிதில் மருந்தெதிர்ப்பு பெறுவதில்லை. ஓரிரு வேளை தவறினால் எல்லாம் பாழ் என்னும் பழைய அச்சத்தை இது பெருமளவு தளர்த்துகிறது. மெத்தடோனோடும் புப்ரெனார்ஃபினோடும் அது மோதுவதில்லை. 2000இல் வரையப்பட்ட ‘95’ கோடு, மனிதரைப் பற்றிய உண்மை என்பதைவிட அன்றைய மருந்துகளைப் பற்றிய உண்மை என்பது இப்போது தெளிவாகிறது. மன்னிக்கத் தெரியாத மருந்துகளின் காலத்தில் மன்னிக்கப்படாதவர்கள் மனிதர்கள்.

எனினும் ஹைதராபாத்தே ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. 2021இல் அங்கே நாராயணகூடாவில் திருநர்களே நடத்தும் மித்ர் மருத்துவகம் தொடங்கப்பட்டது. அது போதைப்பொருள் பயன்படுத்துவோருக்கானதன்று. ஆனால் பெரிய மருத்துவமனையின் பார்வைக்கு அஞ்சி ஒதுங்கியவர்கள், தம்மவர் நடத்தும் இடத்துக்கு வருவார்கள் என்னும் அதே படிப்பினையின் மேல் எழுந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க உதவி நிறுத்தப்பட்டபோது அது மூடப்பட்டது. பின்னர் உள்நாட்டு நிதியுதவியோடு வேறு பெயரில் மீண்டது. ஹைதராபாத்தில் அந்த மாத்திரையின் உற்பத்தி ஒரு நாளும் நின்றுவிடவில்லை. நின்றது, அதை உரியவர் கையில் சேர்க்கும் வாசல்.

75 டாலர் மாத்திரையின் வரலாற்றை எழுதுவோர் ஆலை, காப்புரிமை, ஒப்பந்தம் ஆகியவற்றோடு நிறுத்திவிடுவதுண்டு. அம்மாத்திரையின் கடைசிப் பயணம், கையிலிருந்து வாய்க்கு ஒரு முழ தூரம். அந்த ஒரு முழத்தை நோயாளியின் ஒழுக்கத்திடம் ஒப்படைத்துவிட்டுக் கைகழுவுவது எளிது. 1950களின் சென்னை அவ்வாறு கைகழுவவில்லை. விழுங்காத நோயாளியைக் கண்டபோது, அவருக்கேற்ற வேறொரு முறையைத் தேடியது. அந்தப் பணிவுதான் இன்றைய மருத்துவ ஆய்வுக்கும் கொள்கைக்கும் மீண்டும் தேவைப்படுகிறது.